செத்தவீட்டுக்கு முதல் பொலிசுக்கு

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் பெரிய லோன்ட்ரி ஒன்று இருந்தது. அங்கேதான் அவனைக் கண்டேன். தோய்த்த விரிப்பை அழுத்துகிற மெஷினுக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்த மூலை, மற்றவர் அந்த மூலை. சேர்ந்து உதறி, சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட வேண்டும். ஒருவன் பிந்தினால் விரிப்பு கோணலாகப் போய் உருளையில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிற்பாட்ட வேண்டும். மேற்பார்வைக்காரன் கத்துவான். நானும் அவனும் சோடி சேர்ந்த பிறகு மெஷின் நின்றது குறைவு.

அவன் கூரி. இந்த மாநிலத்து ஆதிக்குடிச் சனம் தங்களை அப்படித்தான் சொல்வார்கள். நான் யாழ்ப்பாணம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அவனும் அவ்வளவுதான். என் இங்கிலிஷை அங்கே முழுதாக விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்.

நிறத்தில் நான் அவனைவிடக் கறுப்பு. அது அவனுக்குப் பெரிய பகிடி. புதிதாக வந்த மேற்பார்வைக்காரன் ஒருநாள் ஆதிக்குடி ஆட்களுக்கு நடந்த ஏதோ கூட்டத்துக்கு என்னையும் அனுப்பிவிட்டான். போகச் சொன்னால் போவதுதானே. போய் இருந்து தேத்தண்ணி குடித்து பிஸ்கற் தின்றுவிட்டு வந்தேன். அவன் கதவடியில் எனக்காகக் காத்து நின்றான்.

"என்ன பிரதர், உன்ரை காணியைத் திருப்பித் தந்தவங்களோ?"

"பிஸ்கற் தந்தவங்கள்" என்றேன்.

"எங்களுக்கும் அதுதான் தந்தவங்கள்."

அவனுக்கு ஒரு மகள். அவள் தாய் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் செத்தபோது அவன் முழு வெறியில் திரிந்தானாம். பிள்ளைகளைப் பார்க்கிற அரசாங்கப் பகுதிக்காரர் வந்து மகளைக் கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் விட்டார்கள். அவனுடைய தாயையும் சின்ன வயதில் அப்படித்தான் கொண்டுபோனார்களாம். அதை ஒரே ஒருமுறைதான் எனக்குச் சொன்னான். பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை.

குடியை விட்டான். வேலைக்கு வந்தான். இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்கு எடுத்தான். இப்படியே நேராக இருந்தால் பனிக்காலம் முடிய பிள்ளைகளின் வழக்கு விசாரிக்கிற கோட்டில் மகளைக் கேட்கலாம், தாங்கள் மறுக்க மாட்டோம் என்று பகுதிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை மகள் வந்து சனி ஞாயிறு நின்றுவிட்டுப் போவாள். எட்டு வயது. அவனுக்கு இருந்த அலுவல் அது ஒன்றுதான். வேலைக்குப் பிந்தாமல் வந்ததும் அதற்காக. என்னோடு சண்டை பிடிக்காமல் இருந்ததும் அதற்காக என்று சொல்வான்.

குடியை விட்டவன் கஞ்சாவை விடவில்லை. வேலை முடிந்து போய்ப் பின்வளவில் இருந்து ஒன்று சுற்றிப் பத்திப் புகை விடுவான். இடுப்பு நோவுக்கு என்பான். ஒருநாள் நித்திரைக்கு என்பான். மகள் வரும் கிழமையில் தொடமாட்டான். எங்கள் ஊரில் ஆட்டிறைச்சிக் கறிக்குள் ஒரு கிள்ளுக் கஞ்சா போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அதற்காக ஒருவரும் பிடிபட்டு மறியல் கம்பிக்குள் இருந்ததை நான் காணவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ரயில் ஸ்ரேசன்களில் பொலிஸ் நாய் நிற்கத் தொடங்கியது. சனம் வரிசையாக இறங்கி வரும். நாய் மணந்துகொண்டு போகும். யாருக்கு முன்னால் அது குந்துகிறதோ அவரைப் பிடித்துத் தடவுவார்கள். எங்கள் வீட்டில் அறை எடுத்து இருந்த மலேசியப் பெடியன், யூனியில் படித்தவன், அவனுக்கு முன்னால் ஒருநாள் நாய் குந்தியது. பையில் கஞ்சா இருந்தது. இனிச் செய்யாதே என்று ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெடியன் இரவுச் சாப்பாட்டில் அதைப் பகிடியாகச் சொன்னான்.

அடுத்த மாதம் அதே ஸ்ரேசனில் நாய் என் கூட்டாளிக்கு முன்னால் குந்தியது. சேட்டுப் பொக்கற்றில் முதல்நாள் பத்திய மிச்சம். விரல் நுனி அளவு. அவனுக்குப் பேப்பர் கிடைக்கவில்லை. பதினெட்டு வயதில் இதே கஞ்சாவுக்கு ஒரு வழக்கு இருந்ததாம். முந்தி வழக்கு இருந்தால் பேப்பர் இல்லை, கோட்டுக்குப் போக வேண்டும். அவன் வளர்ந்தது மேற்கே, உள்நாட்டில், சின்ன ஊர். அங்கே பொலிசுக்கு வேறு வேலை இல்லை, பதினெட்டு வயதில் வழக்கில்லாத கூரிப் பெடியன் எங்கள் பக்கத்தில் இல்லை என்றான்.

கோட்டுக்குப் போகச் சொன்ன நாளும், பகுதிக்காரப் பெண் வீட்டைப் பார்க்க வருகிற நாளும் ஒன்றாக விழுந்தன. அவன் வீட்டில் நின்றான். அறையைக் கூட்டிக் கழுவி, ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டி, அவளோடு தேத்தண்ணி குடித்தான். அவள் நல்ல முறையாக எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் பொலிஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. கோட்டுக்கு வராத குற்றம். பிணையில் விட்டார்கள். ஆனால் கட்டுப்பாடு போட்டார்கள். இரவில் தன் வீட்டில்தான் படுக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி எங்கள் பக்கத்துப் பொலிஸ் ஸ்ரேசனில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.

அவன் வைத்தான். ஒரு நாளும் தவறவில்லை. என் காரில்தான் வேலைக்குப் போவோம். போகிற வழியில் நிற்பாட்டுவேன். அவன் உள்ளே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவான்.

அப்போதுதான் ஊரில் அவனுடைய சின்னம்மா செத்துப்போனா.

தாயின் தங்கை. அவனை வளர்த்தது அவதான். இங்கிலிஷில் அன்ரி என்று ஒரு சொல்தான். மாமிக்கும் அதுதான், சின்னம்மாவுக்கும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதுதான். அவன் என்னிடம் அன்ரி என்று சொல்லவில்லை, அம்மா என்று சொன்னான். தாயோடு கூடப் பிறந்தவள் தாய்தான் என்றான். எங்களிலும் அப்படித்தான் என்றேன்.

அடக்கம் அடுத்த வெள்ளி. லோயர் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கேட்டு எழுதிப் போட்டார். அரசாங்க லோயர், ஒருவருக்கு ஐம்பது வழக்கு. கோட்டுக் கவுண்டரில் செத்தது யார் என்று கேட்டார்கள். அன்ரி என்று எழுதியிருந்தது. தாய் தகப்பன் என்றால் அவசரமாக எடுக்கலாம், அன்ரி கிட்டின சொந்தத்துக்குள் வராது என்றார்கள். அடக்கம் முடிந்த பிறகு வருகிற புதன்கிழமைக்குத் தவணை போட்டார்கள்.

வியாழன் காலை மெஷினில் விரிப்பு விட்டுக்கொண்டு நின்றோம். தான் போகப்போகிறேன் என்றான். ஒரு கையெழுத்துத்தானே தவறும், வந்து நடக்கிறதைப் பார்ப்போம் என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. போவது சரி. சொல்லாமல் போவது சரியில்லை. கொழும்பில் நாங்கள் லொட்ஜில் இருந்த காலத்தில் எங்கே போய் இறங்கினாலும் முதல் வேலை பொலிஸ் பதிவு. யார், எங்கிருந்து, ஏன் வந்தாய், எத்தனை நாள். சாப்பிட முதல், குளிக்க முதல் அதைச் செய்ய வேண்டும். பதிந்த துண்டு பொக்கற்றில் இருந்தால் இரவில் கதவைத் தட்டும்போது ஆளை விடுவார்கள். பதியாதவனைத்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்த பொலிஸ் அது.

"இங்கை வைக்கிற கையெழுத்தை அங்கை வை" என்றேன். "ஊரிலை இறங்கின உடனை அங்கத்தைப் பொலிசிலை போய்ச் சொல்லு. நான் இன்னார், செத்தவீட்டுக்கு வந்தனான், ஒளிக்கேல்லை எண்டு. நானும் கூட வாறன்."

அவன் அடுத்த விரிப்பை எடுத்து உதறினான்.

"உங்கடை ஆக்கள் பொலிசை அவ்வளவு நம்பிறதோ?"

"ஆர் நம்பினது? பயம். அவங்கள் கண்டுபிடிக்க முதல் நாங்கள் போய்ச் சொல்லுறது."

"நாங்கள் அந்தப் பக்கம் போறதே இல்லை" என்றான். பிறகு, மகளின் கோட்டு வருகுது, ஓடிப்போனவன் என்று பேர் வரக்கூடாது, நீ சொல்லுகிறதும் சரிதான் என்றான்.

வீட்டில் சொன்னேன். மனைவி குசினியில் நின்றாள். காரில் ஏழெட்டு மணித்தியாலம் ஓட வேண்டும், வெள்ளி வேலைக்கும் போகமாட்டேன் என்றேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"செத்தவீடெண்டால் போகத்தானே வேணும். அந்தத் தம்பியைத் தனிய விடாதேங்கோ."

என் அம்மா செத்தபோது நான் கொழும்பில் இருந்தேன். சண்டையால் பாதை பூட்டு. மூன்று கிழமை கழித்து ஒருவர் வந்து சொன்னார். அது அவளுக்குத் தெரியும்.

வேலை முடிந்து வெளிக்கிட்டோம். அவனுக்கு லைசென்ஸ் இல்லை, நான்தான் ஓடினேன். மலை ஏறி இறங்கி, பிறகு நேர் பாதை. வழியில் காரை ஓரமாக விட்டுக் கொஞ்சம் படுத்தோம். விடிய அவன் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையும் மாற்றிக்கொண்டான். ஒன்பது மணிபோல ஊருக்குள் போனோம். அகலமான ஒரு தெரு, இரண்டு ஹோட்டல், தானியம் போடுகிற கொட்டாரம். செத்தவீட்டுக்காரர் சேர்ச்சுக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் காரைப் பொலிஸ் ஸ்ரேசனுக்கு முன்னால் நிற்பாட்டினேன்.

கவுண்டரில் இளம் ஆள் ஒருவன். மரியாதையாகத்தான் கதைத்தான். என்னைப் பார்த்து நீ எந்த ஊர்க் கூட்டம் என்று கேட்டான். யாழ்ப்பாணம் என்றேன். அது எந்தப் பக்கம் என்றான். மற்ற நேரமென்றால் நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

கூட்டாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னான். சிட்னியில் வைக்கிற கையெழுத்தை இன்றைக்கு இங்கே வைக்க வந்தேன், அடக்கம் முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்றான். பொலிஸ்காரன் பேர் கேட்டுக் கொம்பியூட்டரில் அடித்தான். பார்த்தான். திரும்ப அடித்தான். உள்ளே போய் ஒரு பெரியவனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பெரியவன் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்தான். நேற்றிரவு நீ எங்கே படுத்தாய் என்று கேட்டான்.

"காரிலை" என்றான் அவன்.

வீட்டில் படுக்கவில்லை, அது ஒன்று. கையெழுத்து வைக்கிற இடம் இது இல்லை, அது இரண்டு. தான் கண்ட பிறகு காணாதமாதிரி இருக்க ஏலாது என்றான் பெரியவன். நீ இங்கே வராமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் என்னைத்தான் பார்த்தான்.

கூட்டாளி சத்தம் போடவில்லை.

"சேர், பதினொரு மணிக்கு ஒரு இரண்டு மணித்தியாலம் விடுங்கோ. சேர்ச் அந்தா தெரியுது. நீங்களும் வந்து பக்கத்திலை நில்லுங்கோ. மண் போட்ட உடனை வாறன். விலங்கு போட்டெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ."

பெரியவன் யோசித்தான். உண்மையாக யோசித்தான், அதை நான் பார்த்தேன். பிறகு ஊர்ச் சனம் முழுக்க அங்கே நிற்கும், பிரச்சினை வரும், ஏலாது என்றான். இடுப்புப் பட்டியையும் சப்பாத்து நூலையும் கழற்றி வாங்கினார்கள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீ போ. அவைக்குச் சொல்லு. நான் வந்தனான் எண்டு சொல்லு."

நான் போனேன்.

சேர்ச்சுக்கு வெளியே நூறு, நூற்றைம்பது பேர் நின்றார்கள். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒருவரும் நீ யார் என்று கேட்கவில்லை. வெயிலில் நிற்காதே என்று ஒரு மனிசி கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தா. எங்கள் செத்தவீடு மாதிரித்தான். பெண்கள் ஒரு பக்கம் அழுதார்கள். ஆண்கள் வேலியோடு நின்று மெல்லக் கதைத்தார்கள். செத்தவவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அது அவர்கள் வழக்கம்.

செத்தவவுக்கு இன்னொரு தங்கை இருந்தா, அவதான் எனக்கு முன்னால் வந்து நின்றா. சிட்னியிலிருந்து வந்த கார் இதுதானே, பெடியன் எங்கே என்று கேட்டா. பொலிசில் என்றேன். எப்படி என்று கேட்டா. நாங்கள்தான் போய்ச் சொன்னோம் என்றேன். அவ விளங்காதமாதிரி என் முகத்தைப் பார்த்தா. திரும்பவும் சொன்னேன்.

"நீங்களாப் போனனீங்களோ?" என்றா.

"ஓம்."

பக்கத்தில் நின்ற ஆண்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவ என்னை ஏசவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர் இருக்கிற முன்வரிசைக் கதிரையில் இருத்தினா. சவக்காலையில், அவனுக்காக நீ போடு என்று சொல்லி மண்ணை என் கையில் தந்தா. சிவத்த மண். போட்டேன்.

திரும்பி ஸ்ரேசனுக்குப் போனபோது பார்க்க விடவில்லை. அவனுக்காக நான் மண் போட்டதை மட்டும் சொல்லச் சொன்னேன், சொன்னார்களோ தெரியாது. தனியாகச் சிட்னிக்கு ஓடி வந்தேன்.

ஒருமுறை கட்டுப்பாட்டை முறித்தவனுக்கு, அதுவும் முந்தி கோட்டுக்கு வராமல் நின்றவனுக்குப் பிணை இல்லை என்றார் நீதவான். அவன் தானாகப் போய்ப் பொலிசில் நின்றவன் என்று லோயர் எழும்பிச் சொன்னார். அது அவனுக்கு நல்ல பேர்தான், ஆனாலும் முறித்தது முறித்ததுதான் என்றார் நீதவான். வழக்கு எடுக்கும் வரைக்கும் மறியல். தவணை தள்ளிப் போனது. அந்த விரல் நுனிக் கஞ்சா, கஞ்சாதானா என்று பரிசோதித்த தாள் வரவில்லை என்று இன்னொருமுறை தள்ளினார்கள். பனிக்காலம் முழுக்க உள்ளே இருந்தான்.

அதற்குள் பிள்ளைகள் கோட்டு நாள் வந்தது. மறியல் உடுப்போடு கொண்டுவந்தார்கள். நான் வெளியே மர வாங்கில் குந்தியிருந்தேன், சொந்தக்காரன் இல்லாததால் உள்ளே விடவில்லை. பகுதிக்காரப் பெண் வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அவன் இப்போது மறியலில், வேலை போய்விட்டது, வீட்டுக்காரன் வீட்டைத் திருப்பி எடுத்துவிட்டான், நான் எதைக் காட்டிக் கேட்பது என்றாள். பிள்ளை பதினெட்டு வயதுவரை இருக்கிற குடும்பத்தோடேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகப்பன் பார்க்கலாம். பகுதிக்காரரின் ஒஃபிசில், ஒருவர் கூட இருக்க.

கஞ்சா வழக்கு அதற்குப் பிறகுதான் எடுபட்டது. குற்றத்தை ஒத்துக்கொண்டான். சின்னக் குற்றப்பணம். உள்ளே இருந்த நாட்களைக் கணக்கில் எடுத்து அதையும் நீதவான் தள்ளிவிட்டார். பத்து நிமிடம் எடுத்திருக்காது.

லோன்ட்ரியில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு இப்போது பொலிஸ் றெக்கோட் பார்க்கிறார்கள் என்றார்கள். எனக்கு வேறு ஆளைச் சோடி போட்டார்கள். அவன் வேலை கிடைக்கிற இடத்தில் வேலை செய்தான், கிடைக்கிற வீட்டில் படுத்தான். என் மனைவி சோறு கட்டித் தருவாள், கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பொலிஸ் ஸ்ரேசன் கதையை நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததில்லை. ஒருமுறை நான் தொடங்கினேன். விடு பிரதர், நானும் சரியெண்டு நினைச்சுத்தானே போனனான் என்றான்.

மகளை வைத்திருந்த குடும்பம் வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்கு மாறியது. பார்க்கப் போவதென்றால் ஐந்து மணித்தியாலம். சில முறை பஸ்ஸில் போனான். சில முறை போக வழியில்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு.

சின்ன அறை. ஒரு மேசை, நாலு கதிரை, மூலையில் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். பகுதிக்காரப் பெண் ஒருத்தி, இது புது ஆள், பேனையோடு இருந்தாள். என்னைக் கதவடியில் இருக்க விட்டார்கள். மகள் வந்தாள். நெடுத்திருந்தாள். கை கொடுத்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டான். நீந்துவது பற்றிக் கேட்டான். கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொன்னாள். மரியாதையான பிள்ளை.

பிறகு அவன், பதினெட்டு வந்ததும் அவளாகவே முடிவெடுக்கலாம், அப்போது தன்னோடு வந்து இருக்கலாம், தான் ஒரு வீடு பார்த்து வைப்பேன் என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்கு வீடு இருக்குத்தானே" என்றாள்.

"ஓம். அது நல்லதுதான்" என்றான்.

நேரம் முடிய முதலே, நான் இப்போது போகலாமா என்று அவள் பகுதிக்காரப் பெண்ணிடம் கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நான் றேடியோ போடவில்லை. பாதி வழியில் பெற்றோல் அடிக்க நிற்பாட்டினேன். அடித்துவிட்டு வந்து சீற்றில் இருந்தேன்.

"அடுத்தமுறைக்கு நீ போன் பண்ணி அவைக்குச் சொல்லு" என்றான். "எனக்கு அண்டைக்கு வேலை எண்டு."

"வேலையோ?"

"இல்லை."

வராமல் விட்டால் வரவில்லை என்று எழுதுவார்கள், அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லவில்லை. அடுத்தமுறை வந்தபோது போன் பண்ணினேன். அவருக்கு இன்றைக்கு வேலை என்று சொன்னேன். அந்தப் பெண் சரி என்றாள், குறித்துக்கொள்கிறேன் என்றாள்.